ஹிட்சின் எட்வர்டியன் வரிசை வீடு: புதுப் பெயின்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹிட்சின் ஒரு பழைய சந்தை ஊர். லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு ரயிலில் ஏறக்குறைய அரைமணி நேரம். ரயில் நிலையத்துக்கும் ஊர் நடுவுக்கும் இடையே விக்டோரியன், எட்வர்டியன் காலத்து (19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய) வரிசை வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று முழுவதும் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. மூன்று படுக்கையறை, முன்புறம் சுவரைவிட்டு வெளியே புடைத்து நிற்கும் பே ஜன்னல், பின்புறம் ஒடுங்கிய சமையலறைக் கட்டு. தரையும் முன்சுவரும் கைதேர்ந்தவர்கள் செய்த வேலை. குளியலறையிலும் பின்கட்டுச் சுவரிலும் மறுபடி கை வைத்தாக வேண்டும். புகைபோக்கியைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

சுவரிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செங்கல் நீளவாக்கிலும் அடுத்தது தலைப்பக்கம் தெரியும்படியும் மாறிமாறி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டியிருந்தால் நடுவில் இடைவெளி இல்லாத 9 அங்குலக் கெட்டிச் சுவர் என்று பொருள். மழை இந்தச் சுவருக்குள் ஓரளவு இறங்கத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை வைத்த இணைப்புகள் வழியாக வெயிலிலும் காற்றிலும் திரும்ப வெளியேறிவிடும். அந்த இணைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு சிமென்ட் வைத்தால் வழி அடைபடுகிறது. நீர் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் உள்ளேயே உறைந்து விரியும். செங்கலின் முகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும்.

முன்சுவரில் அந்தத் தவறு நடக்கவில்லை. சாவி முனையால் லேசாகக் கீறினால் இணைப்பு வெளிர்நிறப் பொடியாக உதிர்கிறது. சிமென்ட்டாக இருந்தால் சாம்பல் நிறத்தில் இறுகி நிற்கும், கீறல் விழாது. பழைய காரையை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, ஒரு பங்கு 3.5 தர இயற்கை நீர்ச்சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல் சேர்த்து நிரப்புவது இந்த வேலையின் வழக்கமான அளவு. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வேலையைத் தொடவே கூடாது. பூசிய பிறகும் சில நாட்களுக்கு ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக உலர்ந்து மாவாகிவிடும். இங்கே செங்கல் விளிம்புகள் சிதையாமல், காரை முகத்தில் வழியாமல் சுத்தமாக இருக்கிறது. பாராட்டத்தக்க வேலை.

அதே வீட்டின் பின்கட்டுப் பக்கச்சுவருக்கு மட்டும் சிமென்ட். மழைநீர்க் குழாய்க்கு அருகே, இடுப்பளவு உயரத்தில் நான்கைந்து செங்கற்களின் முகம் ஏற்கெனவே போய்விட்டது. தெருவிலிருந்து தெரியாத சுவர் என்பதால் மலிவாக முடித்திருக்கிறார்கள். சிமென்ட்டை இயந்திர அறுப்பானால் எடுத்தால் செங்கல் விளிம்பும் சேர்ந்து போகும்; உளியால் பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். ஆட்கூலி கூடும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை வீடுகளில் பணத்தை விழுங்குவது அதுதான். முன்னறைகளின் தரை மரச் சட்டங்கள்மேல் தொங்கும் பலகைத் தரை. அடியில் உள்ள வெற்றிடத்தில் முன்னும் பின்னும் உள்ள காற்றோட்டச் செங்கற்கள் வழியாகக் காற்று குறுக்கே ஓட வேண்டும். ஓட்டம் நின்றால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும். அதன்பின் பூஞ்சை பிடித்து உளுத்துப்போக நாள் ஆகாது. பின்னால் சமையலறைக்குக் கான்கிரீட் போடும்போதுதான் பெரும்பாலும் இந்த ஓட்டம் அறுந்துபோகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் பதித்து, பின்சுவர்ச் செங்கல்வரை காற்றுவழி கொண்டுபோக வேண்டும். இந்த வீட்டில் அதைச் செய்திருக்கிறார்கள். காற்று வீசும் நாளில் பின்சுவர்க் காற்றோட்டச் செங்கலுக்கு முன் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடுகிறது அல்லது வெளியே தள்ளப்படுகிறது. அசையாமல் நேராக மேலே எழுந்தால் அங்கே வழி இல்லை. முன்னறையில் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சட்டங்களுக்கு நடுவே காற்று ஊடுருவும் வலையில் கம்பளி மாதிரியான காப்புப்பொருளைத் தொங்கவிட்டு, அடியில் வெற்றிடத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். சட்டங்களின் முனையில் ஈரமானி 15 சதவீதத்தை ஒட்டிக் காட்டுகிறது. நல்ல எண்.

வெளியே தரைமட்டம், மண்ணின் ஈரம் (ஓதம்) சுவரில் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்பு அடுக்குக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். முன்பக்கம் சரியாக இருக்கிறது. பின்முற்றத்தில் புதிதாகப் பாவிய கற்கள் ஒரு மூலையில் இரண்டு விரல்கிடை உயர்ந்துவிட்டன. அந்த மூலையில் மட்டும் சுவரை ஒட்டி ஒரு சரளைக்கல் வாய்க்கால் தோண்டினால் தீரும். ஓதம் என்றதும் சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தச் சொல்லும் விற்பனையாளர்கள் வருவார்கள். மட்டத்தையும் மழைநீர்க் குழாயையும் முதலில் சரிசெய்யுங்கள். முக்கால்வாசி வீடுகளில் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

இனி புகைபோக்கி. சமையலறையை அகலப்படுத்த, கீழ்த்தளத்தில் அடுப்பு மாடத்தை, அதாவது புகைக்குழலைச் சுற்றிச் சுவரிலிருந்து புடைத்து நிற்கும் செங்கல் கட்டை, இடித்திருக்கிறார்கள். மேலே படுக்கையறையில் அது அப்படியே நிற்கிறது. அதற்கும் மேலே கூரையைத் தாண்டி முழுச் செங்கல் தூணும் இருக்கிறது. அந்த எடை முழுவதையும் எஃகு உத்தரம் ஒன்று தாங்கியாக வேண்டும். பொறியாளரின் கணக்கு, கட்டுமானக் கட்டுப்பாட்டுத் துறையின் நிறைவுச் சான்றிதழ், மாடம் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரில் இருப்பதால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த அறிவிப்பு ஆகிய மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும். இந்த வீட்டுக் கோப்பில் மூன்றும் இல்லை. சமையலறையின் உட்கூரையில் மாடம் இருந்த இடத்தைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடுகிறது. புதுப் பூச்சு உலர்ந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். உத்தரம் வளைவதாகவும் இருக்கலாம். உட்கூரைப் பலகையைத் திறந்து பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மேலே நிற்கும் மாடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. குழலை மேலும் கீழும் அடைத்துவிட்டு, காற்றுக்கு வழி வைக்கவில்லை. பல ஆண்டுப் புகைக்கரியில் உள்ள உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துச் சுவருக்குக் கொண்டுவருகின்றன. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கறை திரும்பும். மாடத்தில் ஒரு காற்றுக் கிராதி, உச்சியில் மழை புகாத காற்றோட்ட மூடி, கறை படிந்த பூச்சை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பில் மறுபூச்சு. இவ்வளவுதான் மருந்து.

மேலும் கீழும் சறுக்கித் திறக்கும் சாஷ் ஜன்னல்களைப் பழைய சட்டத்திலேயே வைத்து, புதுக் கயிறு போட்டு, ஓரங்களில் காற்றுத்தடுப்புத் தூரிகை பதித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் ஜன்னல் வைக்காமல் விட்டது பெரிய நிம்மதி. ஒரே குறை: பே ஜன்னலின் மேல்பாதியைப் பாதியில் நிறுத்தினால் தானாகக் கீழே இறங்குகிறது. மெல்லிய இரட்டைக் கண்ணாடி பழைய ஒற்றைக் கண்ணாடியைவிடக் கனம். கயிற்றின் மறுமுனையில் தொங்கி ஜன்னலைத் தாங்கும் எதிரெடையை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். சட்டத்தின் பக்கப் பெட்டிக்குள் பெரிய இரும்பு எடைக்கு இடம் இருக்காது, அதே அளவில் ஈய எடை போட வேண்டும். அரைநாள் வேலை.

குளியலறையில் வெளிச்சுவருக்கு உள்பக்கமாக அலுமினியத்தாள் ஒட்டிய நுரைப்பலகை வைத்து, அதன்மேல் ஓடு பதித்திருக்கிறார்கள். கெட்டிச் சுவருக்கு இது ஒத்துவராது. பலகைக்குப் பின்னால் சுவர் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். அதில் செருகியிருக்கும் தரைச் சட்ட முனைகள் ஈரம் கோத்து இற்றுப்போகும். இங்கே வைத்திருக்க வேண்டியது மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும். காற்றுவிசிறியும் சோனியானது. குளியலறைக்கு விநாடிக்கு 15 லிட்டர் தேவை. இங்கே கிராதியில் வைத்த மெல்லிய காகிதம்கூட ஒட்டி நிற்கவில்லை.

சமையலறையில் அடுப்புக்கு மேல் இருக்கும் புகை உறிஞ்சி காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை. அதைத் தூக்கிவிட்டு, சுவர் வழியாக வெளியே தள்ளும் விநாடிக்கு 30 லிட்டர் திறனுள்ளதை வைக்க வேண்டும். நாள்தோறும் இட்லி அவித்து, சாம்பார் கொதிக்க விட்டு, குக்கர் வைக்கும் வீடு என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆவியெல்லாம் மாடிப் படுக்கையறையின் வடக்குச் சுவரில், அலமாரிக்குப் பின்னால்தான் கரும்பூஞ்சையாகப் போய் நிற்கும்.

கூரைக்கு அடியில் உள்ள லாஃப்ட்டில் 270 மில்லிமீட்டர் வெப்பக்காப்பு போட்டது நல்லது. ஆனால் கூரைச் சரிவின் ஓரத்தில் இடுக்குவரை அடைத்துவிட்டார்கள். காற்று போக ஓரத்தில் 50 மில்லிமீட்டர் வழிவிட்டு இழுத்துவிட்டால் போதும். ஹிட்சின் சுண்ணக்கல் பூமி, தண்ணீர் கடினம். வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் தரவும் ஒன்றாக உள்ள காம்பி பாய்லரின் வெப்பமாற்றியில் உப்பு படியும். மென்னீர்க் கருவிக்கு இடம் ஒதுக்குங்கள், குடிநீர்க் குழாயை மட்டும் அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

புகைபோக்கிச் சான்றிதழ் இல்லாத விஷயத்தில் விற்பவரின் வழக்கறிஞர் பெரும்பாலும் இழப்பீட்டுக் காப்பீடு தருவதாகச் சொல்வார். நகராட்சி நடவடிக்கை எடுத்தால் அந்தச் செலவுக்கு அது கைகொடுக்கும். தூண் இறங்கினால் தாங்காது. கேட்க வேண்டியது பின்னேற்புச் சான்றிதழ், அதாவது அனுமதியில்லாமல் முடிந்த வேலையைப் பின்னர் சோதித்து ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ். 1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலைகளுக்கு நகராட்சியின் கட்டுமானக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் தரும். உட்கூரையைத் திறந்து உத்தரத்தைக் காட்டச் சொல்வார்கள். திறப்பதும் மூடுவதும் விற்பவர் செலவில், இருவரும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்வதற்கு முன்பே நடக்க வேண்டும். ஆனால் நீங்களாக நகராட்சிக்கு ஃபோன் செய்துவிட்டால் அதன்பின் காப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பாலிசியைத் தர மாட்டா. ஆகவே எந்த வழி என்று உங்கள் வழக்கறிஞரோடு முடிவுசெய்த பிறகே அழையுங்கள்.