கேம் கியர் திரை மங்கினால் உடனே திரையை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள்

சேகா நிறுவனத்தின் கேம் கியர் கையடக்க விளையாட்டுக் கருவியை இன்னமும் பத்திரமாக வைத்திருப்பவர்களும், பழைய பொருள் விற்பவர்களிடம் ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்களும், அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கூரியரில் பொருளை வரவழைத்துப் பழுதுபார்த்து அனுப்பும் ஒருவரிடம் கொடுத்து, 9,500 ரூபாயையும் எந்தக் கோளாறும் இல்லாத அசல் திரையையும் பறிகொடுத்திருக்கிறேன். விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், அதே வழியில் தொழில் செய்யும் மற்றவர்களையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கேம் கியர் 1990 அக்டோபரில் ஜப்பானிலும், 1991 முதல் மற்ற நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. ஆறு ஏஏ பேட்டரிகளை ஐந்து மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும் கருவி என்றாலும், 3.2 அங்குல வண்ணத் திரையும் அதன் பின்னால் எரியும் சிறிய குழல் விளக்குமாக, நின்டெண்டோவின் கறுப்பு வெள்ளை கேம்பாய் ஆடிய பிள்ளைகளை ஏங்க வைத்தது. என்னிடம் இருப்பது பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததை எடுத்துப் பேட்டரி போட்டபோது, விளக்கு எரிந்தது, ஆட்டத்தின் இசையும் மெலிதாகக் கேட்டது. படம் மட்டும் நேராகப் பார்த்தால் வெளிறியும், கருவியைச் சாய்த்துப் பிடித்தால் நிழல்போலவும் தெரிந்தது. பக்கவாட்டில் உள்ள வெளிச்சத் திருகைச் சுழற்றியும் பயனில்லை.

இது இந்தக் கருவிக்கே உரிய நோய். அந்தக் காலகட்டத்தில் மின்சுற்றுப் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்பட்ட சிறிய அலுமினிய கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உதிரிகள்) ஏராளமாகப் பயன்பட்டன. அவற்றுள் பலவற்றில் நிரப்பப்பட்ட திரவம் நாளடைவில் அடியில் உள்ள ரப்பர் அடைப்பை அரித்துக்கொண்டு வெளியே கசிந்து, பலகையின் செம்புத் தடங்களையும் பற்றவைப்புப் புள்ளிகளையும் தின்றுவிடுகிறது. கருவி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கசிவு நிற்பதில்லை. கேம் கியருக்குள் மூன்று பலகைகள் இருக்கின்றன. பிரதானப் பலகையில் கசிந்தால் படம் மங்கும். ஒலிப் பலகையில் கசிந்தால் காதோடு ஒட்டி வைத்தால்தான் சத்தம் கேட்கும். மின்வழங்கிப் பலகையில் கசிந்தால் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்துவிடும். படம் மங்கி ஒலியும் குறைந்திருந்தால், மூன்று பலகைகளிலும் பழைய கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை போடுவதே முதல் வைத்தியம். அதற்கான பொருட்செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. மீதியெல்லாம் கைவேலைக்கான கூலிதான்.

நான் கொடுத்தவரிடம் இந்த அறிகுறிகள் அத்தனையையும் காணொளியாக எடுத்து அனுப்பியிருந்தேன். கருவி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அழைத்து, “சார், ஸ்க்ரீன் செத்துப் போச்சு, இதுக்கு இனிமே உயிர் வராது, புது ஐபிஎஸ் போட்டுடலாம், போர்டையும் ஃபுல்லா சர்வீஸ் பண்ணித் தர்றேன்” என்றார். ஐபிஎஸ் என்பது இக்காலத்து எல்சிடி திரைகளில் ஒரு வகை. கெப்பாசிட்டர்கள் காரணமாக இருக்கலாமே என்று கேட்டதற்கு, அவற்றையும் எல்லாப் பலகைகளிலும் மாற்றிவிடுவதாக எழுத்திலேயே உறுதி சொன்னார். திரை, கெப்பாசிட்டர், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் என்று பேசி, முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த கருவியைப் பார்த்தால் யாரும் அசந்துதான் போவார்கள். படம் பளிச்சென்று, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே தெளிவாக இருந்தது. ஆனால் இந்த மோசடி நடப்பது அந்தப் பளிச்சென்ற படத்தில்தான். அசல் திரைக்குத் தேவையான மின்னழுத்தங்களைத் தரும் சுற்றில் கசிவு ஏற்பட்டதால்தான் படம் மங்குகிறது. ஐபிஎஸ் மாற்றுத் திரைகள் அந்தச் சுற்றை நம்பியிருப்பதில்லை; பிரதானச் சில்லிலிருந்து வரும் இலக்கமுறைச் சமிக்ஞைகளை நேரடியாக எடுத்துக்கொண்டு, தம்முடைய பலகையிலேயே படத்தை உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே, பழுதான கெப்பாசிட்டர்களில் ஒன்றைக்கூடத் தொடாமல் புதுத் திரையைப் பொருத்தினாலும் படம் அருமையாகத் தெரியும். ஒழுகும் கூரைக்குக் கீழே புது விளக்கு மாட்டியதுபோல, வெளிச்சம் வந்துவிட்டது, ஒழுகல் தொடர்ந்துகொண்டிருந்தது.

சில வாரங்களில் ஒலி அறவே நின்றது. அதன் பிறகு கருவி தானாக அணையத் தொடங்கியது. பழுதுபார்த்து அனுப்பியவரைக் கேட்டதற்கு, பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

சென்னை ரிச்சி தெருவில், ஒரு காலத்தில் ஹேண்டிகேம் பழுதுபார்த்துப் பேர் வாங்கிய பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். கேம் கியரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் தொண்ணூறுகளின் வீடியோ கேமராக்களிலும் இதே வகை கெப்பாசிட்டர்கள் இதே விதமாகக் கசிந்தவை என்பதால், சொன்னதும் புரிந்துகொண்டார். சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத அந்த 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் திருகுக்கு உரிய கருவியை நானே வாங்கிப் போயிருந்தேன். உறையைத் திறந்ததும் ஒலிப் பலகையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, “மீன் வாடை வருது பாருங்க தம்பி, இதை யாருமே தொடலை” என்றார். அது கசிந்த திரவத்தின் வாடை. சால்டரிங் அயர்னின் முனை பட்டதும் அந்த வாடை மேசையைச் சுற்றிலும் பரவியது. ஒலிப் பலகையிலும் மின்வழங்கிப் பலகையிலும் இருந்தவை அனைத்தும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பழைய கெப்பாசிட்டர்களே.

பிரதானப் பலகையில் மூன்று மட்டும் மாற்றப்பட்டிருந்தன. அவை மாற்றப்பட்டிருந்த அழகை விவரிக்காமல் இருக்க முடியவில்லை. பழையவற்றை உருக்கி எடுக்காமல் குறடால் பிடித்துத் திருகிப் பிடுங்கியிருக்க வேண்டும், இரண்டு இடங்களில் பற்றவைப்புப் புள்ளி செம்புத் தடத்தோடு பெயர்ந்து வந்திருந்தது. முதலில் பழுதுபார்த்தவர் அந்த இடங்களைச் சூட்டுப் பசையால் மூடி மறைத்திருந்தார். கசிந்த திரவத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியவற்றைப் பற்றவைத்ததால், ஈயம் மங்கிப் பொருக்குத் தட்டியிருந்தது. புதிதாகப் போட்டவை டான்டலம் என்ற உலோகத்தைக் கொண்டு செய்த வகை. அவற்றுள் ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டு, அதைச் சுற்றிப் பலகை பழுப்பேறியிருந்தது. அலுமினிய கெப்பாசிட்டரின் மேலே உள்ள கறுப்புப் பட்டை எதிர்முனையைக் குறிக்கும், டான்டலத்தின் மேலே உள்ள கோடோ நேர்முனையைக் குறிக்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் டான்டலத்தைத் தொடவே கூடாது, ஏனென்றால் முனை மாறிய டான்டலம் சூடாகிக் குறுக்குச்சுற்று ஆகிவிடும், சில வேளைகளில் தீயும் பிடிக்கும்.

பெரியவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷால் மூன்று பலகைகளையும் தேய்த்துக் கழுவி, அறுந்த தடங்களை மெல்லிய ஜம்பர் கம்பியால் இணைத்து, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்த பிறகே புதியவற்றைப் பற்றவைத்தார். 1,200 ரூபாய் வாங்கினார். இப்போது ஒலியும் மின்சாரமும் சரியாக இருக்கின்றன.

அசல் திரைதான் திரும்பவில்லை. கழற்றும்போது உடைந்துவிட்டதாகவும் குப்பையில் போட்டுவிட்டதாகவும் முதலில் சொன்ன அந்தக் கூரியர் பழுதுபார்ப்பவர், உடைந்த துண்டையாவது அனுப்புங்கள் என்று கேட்ட பிறகு பேச்சை மாற்றினார். அதே காலத்தில் அவருடைய விற்பனைப் பட்டியலில் ‘சோதிக்கப்பட்ட அசல் கேம் கியர் திரை’ என்று ஒன்று இருந்தது. அது என்னுடையதுதான் என்று நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை, ஆகவே அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தத் திரைகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை என்பதையும், பழையபடியே வைத்திருக்க விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள் என்பதையும், நல்ல திரையைச் செத்த திரை என்று சொல்வதில் யாருக்கு லாபம் என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மாற்றுத் திரை போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. படத்தின் குறுக்கே கோடுகள் விழுந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டாலோ அதுதான் வழி. பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் படம் வெளிறிப்போனது மட்டுமே குறை என்றால், கெப்பாசிட்டர்களை மாற்றிப் பார்க்காமல் திரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவரிடம் கருவியைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று பலகைகளின் இருபுறமும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், கழற்றிய உதிரிகள் அனைத்தையும் திருப்பித் தருவதாக எழுத்துவழி ஒப்புதலையும், பில்லையும் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் கழுவிய பலகையின் படத்தைப் பெருமையோடு தாமாகவே அனுப்புவார். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவர் அதற்கு என்ன காரணம் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, சேவை அளித்தவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கூரியர் வழி வேலை கொடுத்தவர்களுக்கு இது பெரிய வசதி. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்தால், சில நேரங்களில் அந்தக் கட்டத்திலேயே எதிர்த்தரப்பு இறங்கி வரும்.

என் விஷயத்தில் அந்தக் கூரியர் பழுதுபார்ப்பவர் பாதிதான் இறங்கி வந்திருக்கிறார். 2,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், பதிலுக்கு நான் எங்கும் எதுவும் எழுதக்கூடாது என்றும் செய்தி அனுப்பினார். ஏற்க மறுத்துவிட்டேன். பெரியவர் பலகையைத் திறந்தபோது எடுத்த படங்களையும், எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றுவதாகக் கூரியர் பழுதுபார்ப்பவர் எழுதி அனுப்பிய உறுதியையும், பணம் செலுத்திய விவரத்தையும் இணைத்து மனு தயாரித்திருக்கிறேன். முழுத் தொகையும், அசல் திரை அல்லது அதன் மதிப்பும் வேண்டும் என்பதே அதில் உள்ள கோரிக்கை.