கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்த கடை

சிங்கப்பூரில் சுங்கை தெங்கா பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை. எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் கிடையாது, மண் மூட்டையோடு திரும்புவது பெரும்பாடு. ஆனாலும் மூன்றாவது முறையாகப் போய் வந்துவிட்டேன்.

காரணம் கடைக்கார அங்கிள். என் கறிவேப்பிலை இலையைப் புழு தின்பதைக் கைப்பேசியில் காட்டினேன். மருந்தை எடுத்து நீட்டாமல், "பக்கத்தில் எலுமிச்சை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது! இரண்டும் ஒரே குடும்பமாம். ஒரே வண்ணத்துப்பூச்சி இரண்டிலும் முட்டையிடும். பறவை எச்சம் போல இருப்பதுதான் இளம்புழு, கையால் எடுத்துப் போடு என்றார். பாண்டான் செடி வாங்க வந்த மலாய் மக்சிக் (ஆன்ட்டி) ஒருவர், தன் வீட்டில் ஒரு செடியைப் புழுவுக்கே விட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அந்த மனசு எனக்கு இல்லை. ரசத்துக்கு இலை வேண்டுமே!

குறை என்றால் மண் கலவை. களிமண் அதிகம், ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. வீட்டில் தண்ணீர் வடிய உதவும் பெர்லைட் துகள் கலந்த பிறகுதான் சரியானது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு விற்கும்போது, அதில் தேங்கும் நீரில் வரும் கொசு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று நான் சொன்னதும், பெரிய தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒல்லியான தொட்டி கொடுத்தார். விலையும் அதில் குறைவு.

ஞாயிறு காலை போகாதீர்கள், கூட்டம். அங்கிளுக்குப் பேச நேரம் இருக்காது.