எர்த் கேபிள் முனை: எட்டு மாதத்தில் போனதும் இரண்டு வருடமாக நிற்பதும்

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலுக்கு நடந்து போகிற தூரம். ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கும். பதினொரு வயசு காரின் பேட்டரி மைனஸ் டெர்மினல், அதாவது அங்கிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளின் முனை, பூத்துப்போனதில் வியப்பில்லை. கோளாறு அங்கேதான் என்று எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனதுதான் வெட்கம்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கும், செல்ஃப் எடுக்காது. மூன்றாவது தடவை எடுத்துவிடும். பார்த்தவரெல்லாம் “பேட்டரி போச்சு அண்ணாச்சி” என்றார்கள். பேட்டரிக்கு வயசு ஒன்றரைதான். மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. பளு கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டிலும் குறையில்லை.

கடைசியில் மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும், மற்றதைக் கேபிளின் செம்பிலும் அழுத்திக்கொண்டு மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். 1.3 வோல்ட்! 0.1-ஐத் தாண்டக் கூடாத இடம். செல்ஃப் மோட்டார் 130 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே இவ்வளவும் அங்கே தங்கிவிடும். வண்டியை அணைத்துவிட்டு ஓம் அளவில் பார்த்தால் சாதாரண மீட்டருக்கு இது பிடிபடாது. மோட்டார் கரன்ட் இழுக்கும்போதுதான் மாட்டும்.

முதல் ரிப்பேர் சோம்பேறி ரிப்பேர். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றி, நுரை அடங்கியதும் துடைத்து, ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஈயக் கிளாம்பை மாட்டினேன். கேபிள் முனையை ஒரு தகட்டுக்கு அடியில் வைத்து இரண்டு போல்ட்டால் முடுக்குகிற வகை. 0.2-க்கு இறங்கியது. எட்டு மாதத்தில் பழையபடி 'டக்'. ஈயம் மெத்தென்றது; அழுத்தத்தில் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும், போல்ட் தளரும். அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது: உள்ளே கறுத்துக் கிடந்த செம்பிழைகளை அப்படியே விட்டிருந்தேன். ஆசிட் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து ரப்பர் உறைக்குள் வெகுதூரம் ஏறியிருந்தது.

இரண்டாவது தடவை பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டினேன். ஐந்து சென்டிமீட்டர் போனது. கேபிள் கொஞ்சம் தொய்வாக இருந்ததால் எட்டியது. இல்லாவிட்டால் முழுக் கேபிளையே மாற்றுவதுதான் சரி. வெள்ளீயம் பூசிய 25 சதுர மி.மீ. செம்பு லக் (கேபிள் முனையில் செருகி அமுக்குகிற, போல்ட் ஓட்டை உள்ள குழாய்) வாங்கினேன். அதைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். சோலார் பேனல் மாட்டுகிற பக்கத்துத் தெருத் தம்பியிடம் லக்கைக் கேபிளோடு இறுக்கி அமுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் இரவல் வாங்கி இரண்டு இடத்தில் அமுக்கினேன். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு, பித்தளைக் கிளாம்பில் 8 மி.மீ. போல்ட்டால் முடுக்கினேன். வெளியே மட்டும் வாசலின்.

அமுக்குவதற்குப் பதில் ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்து கேபிளை விறைப்பாக்கிவிடும். அது முடிகிற இடத்தில் வண்டி அதிர்வுக்கு இழைகள் ஒடியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேலை மைனஸில் என்பதால் அதைக் கழற்றியதோடு ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. பிளஸ் பக்கம் என்றாலும் முதலில் கழற்ற வேண்டியது மைனஸ்தான், மாட்டும்போது அது கடைசி. மைனஸ் இருக்கும்போதே பிளஸ்ஸில் கை வைத்து, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். சார்ஜ் ஏறிய பேட்டரி அருகே ஹைட்ரஜன் வேறு இருக்கும். சோடாத் தண்ணீர் மூடித் துளை வழியாகப் பேட்டரிக்குள் இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கிரிம்ப் செய்த அன்று 0.06, இன்று 0.08. இடையில் ஒருமுறை மட்டும் போல்ட்டைக் கால் திருப்பு முடுக்கினேன். செல்ஃப் ஒரே இழுப்பில் எடுக்கிறது. பழைய பேட்டரியேதான் ஓடுகிறது.

கேபிளின் மறுமுனை பாடியில் முடுக்கியிருக்கிற இடம், கார் வாங்கியதிலிருந்து கழற்றாதது. போன வாரம் அங்கே 0.15 காட்டியது. உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.