1969 கமாரோ: எண் பொருந்தும் அசலா, அளவாக மேம்படுத்தியதா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மிச்சிகனில் ஒரு 1969 செவ்ரோலே கமாரோ கார் வாங்க முனைந்தபோது, இரண்டு வண்டிகளுக்கு இடையே நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலாவது, ஆலையில் பொருத்திய அதே 350 கன அங்குல வி8 என்ஜினும் அதே கியர்பெட்டியும் கொண்டு, அன்றிருந்தபடியே புதுப்பிக்கப்பட்டது. பாகங்களில் பொறித்த எண்கள் அந்த வண்டியோடு பொருந்துவதால், சேகரிப்பாளர்கள் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்று சொல்லும் வகை. இரண்டாவது, வெளித்தோற்றமும் உட்புறமும் அசலைப் போலவே இருக்க, பிரேக், இக்னிஷன், ரேடியேட்டர், கியர்பெட்டி ஆகிய நான்கில் மட்டும் பிற்காலப் பாகங்கள் பொருத்தப்பட்டது. அதன் என்ஜினும் 350தான். ஆனால் வேறொரு செவ்ரோலேயிலிருந்து வந்தது. நான் வாங்கியது இரண்டாவது வண்டியை. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஓட்டத்தில் வேறுபாடு உண்டு என்பது எதிர்பார்க்கக் கூடியதே. எஸ்எஸ், இசட்/28 போன்ற உயர்வகைகளை விட்டுவிட்டால், சாதாரணக் கமாரோவுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மழையில் ஒரு பக்கமாக இழுக்கும் அந்த பிரேக்கை நம்பி இன்றைய நெடுஞ்சாலையில் செல்வது எனக்குத் துணிச்சலாகவே படுகிறது. கியர்பெட்டியின் பயன் இதைவிடத் தெளிவானது. 3.73 அச்சு விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுற்றுவது) உள்ள வண்டியில், மூன்று கியர் தானியங்கிப் பெட்டியுடன் மணிக்கு 70 மைல் வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 முறை சுழலும். என் வண்டியில் உள்ள 200-4ஆர் என்ற நான்கு கியர் தானியங்கிப் பெட்டியின் நான்காவது கியர் 0.67 விகிதம் கொண்டது என்பதால், அதே வேகத்தில் அது 2,300 அளவில் நின்றுவிடுகிறது; பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஓட்டம் அன்று, பராமரிப்பு. பராமரிப்பிலும் செலவைவிட, பாகம் தேடும் பாடுதான் பெரிது. எண் பொருந்தும் வண்டியில் என்ஜின் பிளாக் மட்டுமன்றி, சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்குவது), டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது) எனப் பலவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் தயாரிப்புக் காலம் பொறிக்கப்பட்டிருக்கும். வார்ப்பு இரும்புப் பாகங்களில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம்: ‘சி 14 9’ என்றால் 1969 மார்ச் 14. (கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால் 1979ஆம் ஆண்டுப் பாகத்தையும் 1969 என்று விற்க முயல்வோர் உண்டு, வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) ஆலையில் வண்டி தயாரான நாளுக்குச் சற்று முந்தைய தேதியைத் தாங்கிய பாகமே அந்த வண்டிக்கு உரியதாக ஏற்கப்படுகிறது. எனவே அங்கு ஆல்டர்னேட்டர் பழுதானால், இருப்பதையே பிரித்துச் சீர்செய்ய வேண்டும், அல்லது பொருந்தும் தேதியுள்ள இன்னொன்றைப் பழைய பாகச் சந்தைகளில் தேட வேண்டும். எண் பொருந்தும் கமாரோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படித் தேடியே ஒரு கோடைக்காலம் முழுவதையும் கழித்தார். பனியும் உப்பும் இல்லாத மாதங்களில்தான் இத்தகைய வண்டிகளை வெளியே எடுக்க முடியும் என்பதால், இந்த ஊரில் அது ஓர் ஆண்டையே இழப்பதற்குச் சமம். என் வண்டியின் ஆல்டர்னேட்டர் சென்ற ஜூலையில் நின்றுபோனபோது, உதிரிபாகக் கடைக்குப் போய்த் திரும்பி அன்று மாலையே மாட்டிவிட்டேன்.

இக்னிஷனிலும் இதே கதைதான். பழைய முறையில், தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டின் உராயும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, தீப்பொறி எழும் டைமிங்கும் நகர்ந்துவிடும். என்ஜின் ஓடும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலுள்ள சின்னச் சன்னலைத் தூக்கி, ஆலன் சாவியால் டுவெல் கோணத்தை (பாயிண்ட் மூடியிருக்கும் அளவை) 30 டிகிரிக்குத் திருத்துவது ரசிக்கத்தக்க வேலை என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதே மூடிக்குள் அடங்கிவிடும் மின்னணுத் தொகுதி, மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட என் கையைக் கேட்கவில்லை.

மேம்படுத்திய வண்டிக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் தரம், மேம்படுத்தியவரின் கவனத்தைப் பொறுத்தது. என் வண்டிக்கு முன்பக்க டிஸ்க் பொருத்திய பட்டறை, மிதியின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்குக் கடத்தும், டிரம்முக்குரிய பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவைத்திருந்தது. அதனுள் இருந்த, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வினால், மிதியை விட்ட பிறகும் பேட் டிஸ்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. சக்கரம் சூடாவதன் காரணத்தைக் கண்டறிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. 200-4ஆர் பெட்டியைக் கார்பரேட்டரோடு இணைக்கும் கேபிளும் அப்படித்தான்: நீளம் தவறினால் உள்ளே அழுத்தம் குறைந்து கிளட்சுகள் கருகிவிடும். அசல் வண்டிக்கு ஆலையின் பணிமனைக் கையேடே போதும். மேம்படுத்திய வண்டிக்கோ முந்தைய உரிமையாளரின் குறிப்பேடு வேண்டும்.

மறுவிற்பனையில் நான் அடக்கமாகவே பேச வேண்டும், ஏனெனில் இதுவரை ஒன்றையும் விற்றதில்லை. இசட்/28 ஆக இருந்தாலோ, 69 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்ட இசட்எல்1 வகையாக இருந்தாலோ, அசல் எண்களைக் கலைப்பது பணத்தைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். ஆனால் அந்த ஆண்டுக்கென உருவான கமாரோக்கள் 2,43,085. அவற்றுள் ஒரு சாதாரண வண்டிக்கு எண் பொருத்தம் தரும் கூடுதல் விலை, நான் கவனித்த விற்பனைகளில், அதன் பராமரிப்புப் பாட்டுக்கு ஈடாகத் தெரியவில்லை. மேலும் 1969இன் வண்டி எண், என்ஜின் ஆறு சிலிண்டரா எட்டா என்பதைச் சொல்லுமே தவிர, எஸ்எஸ் என்பதைச் சொல்லாது. பிளாக்கின் முத்திரையையும் போலியாகக் குத்த முடியும். ஆவணமில்லாத ‘அசல்’ வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் தயங்குவேன். எல்எஸ் எனப்படும் நவீன வி8 என்ஜின் ஏற்றிய மூன்றாம் வகையை ஒரே ஒரு பிற்பகல்தான் ஓட்டியிருக்கிறேன்; விரைவாக இருந்தது, ஆனால் கார்பரேட்டரின் மூச்சொலி இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது.

அளவான மேம்பாட்டை விரும்புவோர் வாங்குமுன் இரண்டைக் கேட்க வேண்டும்: உடலின் தகடு எங்காவது வெட்டப்பட்டிருக்கிறதா, கழற்றிய பழைய பாகங்கள் உடன் வருமா. என் வண்டியில் எல்லாம் போல்ட்டால் பூட்டியவை. பழைய டிரம்களும் டிஸ்ட்ரிபியூட்டரும் பெட்டியில் வந்தன. கியர்பெட்டியை மட்டும் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். அதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், குறைத்தார்.