கிருஷ்ணகிரியில் ஆள் தேடிய ஐந்து ஆண்டுகள்

மாங்கூழ் ஆலைகளில் கூழைச் சூடேற்றும் இயந்திரங்களின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவிகளைத் தயாரிக்க, 2020-இல் கிருஷ்ணகிரியில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினோம். மே முதல் ஜூலை வரை ஆலைகள் இரவு பகலாக ஓடும் நாட்களில் கருவி நின்றுவிட்டால் உடனே ஆள் போயாக வேண்டும் என்பதால், சாலிடரிங்கும் புரோகிராமிங்கும் தெரிந்த, கூழ் சிந்திய தரையில் நின்று வேலை செய்யவும் தயங்காத ஆட்களே எங்களுக்குத் தேவைப்பட்டார்கள்.

முதலில் ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினோம். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன; ஆனால் பணி ஆணை பெற்ற ஆறு பேரில் இருவரே வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் எங்கள் ஆணையைக் காட்டி, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் கூடுதல் சம்பளம் பேசி முடித்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் வழியாக வந்தவரோ நான்காம் மாதம் விலகினார். மாற்று ஆள் தருவதற்கான தொண்ணூறு நாள் உத்தரவாதம் அதற்குள் முடிந்திருந்தது.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது மேசைமேல் வைத்துப் பார்க்கும் சோதனைதான். வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கிய சர்க்யூட் போர்டையும் மல்டிமீட்டரையும் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்து பார்ப்போம். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த டிப்ளமோ படித்த பெண் ஒருவர், போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே கிரவுண்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதித்து, அளவுகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே போனார். அந்த ஒரு மணி நேரத்தில் பழுதை அவர் கண்டுபிடிக்கவில்லை; இருந்தும் அவரைத்தான் எடுத்தோம். இன்று ஆலைகளிலிருந்து வரும் அழைப்புகளில் பாதியை அவரே பார்த்துக்கொள்கிறார். சான்றிதழில் இந்தப் பொறுமையை எங்கே தேடுவது?

ஆள் கிடைப்பது ஒரு பாடு என்றால், வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது இன்னொரு பாடு. ஓசூர் தொழிற்சாலைகளின் பேருந்தையும் கேன்டீனையும் பார்த்துப் பழகிய பெற்றோர், "பி.எஃப். பிடிப்பீங்களா சார்?" என்பதையே முதலில் கேட்கிறார்கள். இருபது பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அது கட்டாயமில்லை என்றாலும் விருப்பத்தின் பேரில் சேரலாம். நாங்கள் 2022-இல் சேர்ந்தோம். அதன் பிறகு வீட்டாருடன் பேசுவது எவ்வளவோ எளிதாயிற்று.

உதவித்தொகை கொடுத்து, வேலையிலேயே தொழில் பழக ஆள் எடுக்கும் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) திட்டத்தைச் சிறு நிறுவனங்கள் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு இது விருப்பத்துக்கு உட்பட்டது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் அந்த உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. இணையப் பதிவு பொறுமையைச் சோதிக்கும். ஒப்பந்தத்திலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் பழகிய ஐவரில் மூவர் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள்.

மூத்த வன்பொருள் வடிவமைப்பாளர் ஒருவரை மட்டும் இந்த ஊரில் அமர்த்த எங்களால் இதுவரை முடியவில்லை. ஓசூரில் குடியிருக்கும் ஒருவர் புதன், சனி இரண்டு நாட்கள் வந்து போகிறார். வடிவமைப்பு வேலைகளையெல்லாம் அந்த நாட்களுக்கு ஒதுக்கி வைக்கிறோம். முழுநேரமாக வரக்கூடியவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.