எந்த லோடர், எந்த டிப்பர் டிரெய்லர்? மரம் வெட்டும் தொழிலுக்கு ஓர் ஒப்பீடு

முதல் லோடர் வாங்கிய வாரத்தில் நடந்தது இது. அடிமரத் துண்டு ஒன்றைக் கிராப்பிளால் (லோடரின் கை நுனியில் மாட்டும் கவ்வி) கவ்விக்கொண்டு, லோடரின் கையை முழு உயரத்துக்குத் தூக்கி, டிரெய்லரின் பக்கவாட்டை நோக்கி ஓட்டிப் போனேன். துண்டின் அடிப்பக்கம் பலகை விளிம்புக்கு ஒரு சாண் கீழே இடித்து நின்றது. லோடரிலும் குறையில்லை, டிரெய்லரிலும் குறையில்லை. இரண்டையும் தனித்தனியாக நன்றாக விசாரித்துத்தான் வாங்கியிருந்தேன். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி டேப்பை நீட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அதனால் "எந்த லோடர் நல்லது?" என்று யார் கேட்டாலும், "டிரெய்லரின் பக்கப் பலகை எவ்வளவு உயரம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இந்த அலசலும் இரண்டையும் ஜோடியாகவே பார்க்கிறது.

முதலில் எடை. பச்சை மரம் இனத்தைப் பொறுத்து கன மீட்டருக்கு 700 முதல் 1,100 கிலோ வரை இருக்கும். கணக்குக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் உள்ள துண்டு சுமார் 280 கிலோ. அதே நீளத்தில் விட்டம் 90 செ.மீ. ஆனால் சுமார் 640 கிலோ ஆகிவிடும். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. கண்ணுக்கு "கொஞ்சம் பெரிசு" என்று தெரிகிற துண்டுதான் லோடரின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும்.

இனி லோடர்கள். சக்கரத்துக்குப் பதில் டிராக் என்ற பட்டையில் ஓடும், நின்றபடி ஓட்டும் மினி டிராக் லோடர், நடுவில் மடங்கும் லோடர், உட்கார்ந்து ஓட்டும் ஸ்கிட் ஸ்டீயர் என்று மூன்று வகை போட்டியில் இருக்கின்றன.

ஸ்கிட் ஸ்டீயரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் கெல்லர் சகோதரர்கள் 1957-இல் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய உருவாக்கிய சின்ன வண்டியிலிருந்து வளர்ந்த வகை இது. கொட்டகைக்குள் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. புல்தரையைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் ஓட்டித்தான் இது திரும்புகிறது, அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை உரித்துவிடும். தூக்கும் திறனும் உயரமும் தாராளம்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக் கேட்டுக்குள் நுழையாது. பெரும்பாலான மாடல்களில் ஏறி இறங்க முன்பக்கம்தான் வழி. மரம் வெட்டும் இடத்தில் ஓட்டுநர் நிமிடத்துக்கொரு முறை இறங்கிக் கயிற்றை அவிழ்க்கவோ கிளையை இழுக்கவோ வேண்டியிருக்கும், அங்கே இது பெரிய தொல்லை. காலி மனைகளைத் துப்புரவு செய்பவருக்கு இது சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

நின்றபடி ஓட்டும் மினி லோடரின் அகலம் பெரும்பாலும் 90 செ.மீ.யை ஒட்டியே இருக்கும். ஒற்றைக் கதவு கேட்டுக்குள் போய் வரும். ஓட்டுநர் பின்னால் ஒரு படியில் நிற்கிறார். காலை எடுத்து வைத்தால் தரை. ரப்பர் டிராக் எடையைப் பரப்பிவிடுவதால் ஈரமண்ணிலும் புதையாமல் போகும். நின்ற இடத்திலேயே சுழற்றினால் டிராக்கும் புல்லைக் கிழிக்கத்தான் செய்யும். பெரிய வளைவாக எடுத்துத் திருப்பப் பழகிய ஆள் வேண்டும். குறையென்று பார்த்தால், தலைக்கு மேல் கூரை இல்லை, கட்டு கட்டாகக் கிளை தூக்கும்போது தழை முகத்தில் அடிக்கும், நாள் முழுக்க நின்றால் முழங்கால் வலிக்கும்.

நடுவில் மடங்கும் லோடர் வேறு ரகம். பின்லாந்தின் அவன்ட் நிறுவனம் 1991 முதல் இந்த வகையைச் செய்கிறது. வண்டி இடுப்பில் மடங்கித் திரும்புகிறது, பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வருகிறது, உரசல் இல்லை. பராமரித்த புல்வெளியில் வேலை என்றால் இதற்கு ஈடு கிடையாது. பல மாடல்களில் பூம், அதாவது தூக்கும் கை, நீளும்; நடுத்தர மாடல்களே 2.8 மீட்டர் அளவுக்குத் தூக்கும். மினி டிராக் லோடரின் கை ஊசி, அதாவது கை நுனியில் கிராப்பிளை மாட்டும் இடம், சுமார் 2 மீட்டரில் நின்றுவிடும். அந்த 80 செ.மீ. வித்தியாசத்தின் அருமை டிரெய்லர் பக்கத்தில் போய் நின்றால்தான் புரியும்.

மடங்கும் லோடருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சுமையைத் தூக்கிய நிலையில் முழுக்கத் திருப்பினால் எடை மையம் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடும். நேராக நிற்கும்போது தாங்கிய துண்டு, திருப்பியதும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். சரிவில் இது இன்னும் மோசம். விற்பவர் கவிழ்வு எடையை, அதாவது எவ்வளவு சுமையில் வண்டி கவிழத் தொடங்கும் என்பதைச் சொன்னால், நேராக நின்ற நிலையிலா, முழுக்கத் திருப்பிய நிலையிலா என்று கேளுங்கள். இரண்டும் வேறு எண்கள்.

எண்கள் என்றதும் இன்னொன்று, பலர் ஏமாறுவது இங்கேதான். டிராக் லோடரின் மதிப்பிட்ட தூக்குதிறன், அதாவது பாதுகாப்பாகத் தூக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் சுமை, வழக்கமாகக் கவிழ்வு எடையில் 35 சதவீதம். சக்கர ஸ்கிட் ஸ்டீயருக்கு அதே எண் 50 சதவீதத்தில் கணக்கிடப்படுகிறது. டோரோ நிறுவனத்தின் மினி டிராக் லோடரான டிங்கோ டிஎக்ஸ் 1000 பெயரிலேயே சொல்வது 1,000 பவுண்டு, அதாவது சுமார் 454 கிலோ. இது 35 சதவீதக் கணக்கு. அதன் கவிழ்வு எடை 1,300 கிலோவை ஒட்டி வரும். 50 சதவீதக் கணக்கில் போட்டால் அதே வண்டி 650 கிலோ வண்டி ஆகிவிடும். வெர்மீர் நிறுவனத்தின் சிடிஎக்ஸ் 160 இதே 35 சதவீதக் கணக்கில் 1,600 பவுண்டு, அதாவது சுமார் 725 கிலோ. இரண்டு விளம்பரத் தாள்களைப் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தப்பான வண்டிதான் வீட்டுக்கு வரும். கிராப்பிளின் எடையும் தூக்குதிறனிலிருந்துதான் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராப்பிளில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சுழலும் கிராப்பிள் இருந்தால் நீளமான கிளைக்கட்டை வண்டிக்கு இணையாகத் திருப்பி, ஒற்றைக் கேட்டு வழியாக நீளவாக்கில் கொண்டு வரலாம். சுழலாத கிராப்பிளில் அதே கிளை குறுக்கே நின்று கேட்டுத்தூணில் மாட்டும். அப்புறம் ரம்பத்தை எடுத்து ஒவ்வொரு கிளையையும் குட்டையாக நறுக்க வேண்டியதுதான். லோடரில் ஒரு படி குறைந்தாலும் கிராப்பிள் நல்லதாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

சரி, டிரெய்லர். முதல் தேர்வு தரை உயரம். சக்கரங்களுக்கு நடுவே தாழ உட்கார்ந்த தொட்டி ஒன்று, சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்த அகலத் தொட்டி இன்னொன்று. மேலே உட்கார்ந்ததில் அகலம் கூடும், ஆனால் தரையும் ஏறிவிடும். மினி லோடர் வைத்திருப்பவருக்குத் தாழ்வான தொட்டிதான். அதன் தரை சுமார் 70 செ.மீ. உயரம் என்று வையுங்கள். 60 செ.மீ. பலகை போட்டால் விளிம்பு 1.3 மீட்டர், கிராப்பிளில் தொங்கும் கட்டை தட்டுத்தடுமாறித் தாண்டிவிடும். 1.2 மீட்டர் பலகை போட்டால் விளிம்பு 1.9 மீட்டர். 2 மீட்டர் ஊசியில் தொங்கும் கட்டைக்கு அது மதில் சுவர். என் முதல் வாரக் கதை இதுதான்.

அப்படியானால் உயரப் பலகையே வேண்டாமா? அது எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 4.2 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். மொத்த அனுமதி எடை 6,350 கிலோ, தன் எடை 1,850 கிலோ என்றால் சுமைக்கு மிச்சம் 4,500 கிலோ. 1.2 மீட்டர் பலகையோடு கொள்ளளவு 10.6 கன மீட்டர். ஈர மரச் சீவலை அதில் நிரப்பினால், கன மீட்டருக்கு 350 கிலோ கணக்கில் 3,700 கிலோ, பரவாயில்லை. கட்டைகளை நிரப்பினால், இடைவெளி போக மூன்றில் இரண்டு பங்கு மரம் என்று வைத்தாலும் 7,000 கிலோ. அச்சு தாங்காது, பிரேக் தாங்காது, போலீஸ்காரரும் விட மாட்டார். 60 செ.மீ. பலகை என்றால் கட்டைகள் சுமார் 3,500 கிலோவில் நிற்கும். ஆகக் கட்டைக்குக் குட்டைப் பலகை, சீவலுக்கும் தழைக்கும் உயரப் பலகை. கழற்றி மாட்டும் மேல்பலகை கிடைத்தால் இரண்டுக்கும் ஒரே டிரெய்லர் போதும்.

கொட்டும்போது தழைக்கு ஒரு துஷ்டத்தனம் உண்டு. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தொட்டி முழுக்கத் தூக்கியும் நகராமல் இருக்கும். திடீரென்று மொத்தமாகப் பின்பக்கம் சரியும். அந்தக் கணத்தில் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, இழுவை வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். இதனால்தான் நான் கத்தரி ஜாக்கி (கத்தரிபோல் விரிந்து தொட்டியைத் தூக்குவது) பக்கம். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்து நீளும் ஒற்றை டெலஸ்கோப் ஜாக்கி செங்குத்தாகக் கொட்டும், உண்மைதான். ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தைக் கத்தரி அமைப்புதான் நன்றாகத் தாங்கும். எதுவானாலும் தூக்கிய தொட்டிக்குக் கீழே தாங்குகட்டை வைக்காமல் தலையை நீட்டாதீர்கள். மின்சாரத்தாலேயே ஏறி இறங்கும் அமைப்பு, புவியீர்ப்பில் இறங்குவதைவிடக் கொஞ்சம் விலை கூடும். ஏதாவது மாட்டிக்கொண்டாலும் தொட்டியைக் கீழே இறக்கிவிடலாம் என்பதால் அதை எடுங்கள். பின்கதவு இரண்டாகத் திறந்து பக்கவாட்டில் மடங்க வேண்டும். மேலே கீல் போட்ட ஜல்லிக் கதவில் கட்டை சிக்கும். பேட்டரி பெரியதாக இருக்கட்டும், இரவில் சார்ஜரில் போடுங்கள். இழுவை வண்டியின் ஒயரில் வரும் சார்ஜ் நாளுக்கு நாலைந்து கொட்டலுக்குப் போதாது.

விற்பவர்கள் பேசாத ஒரு விஷயம் பாக்கி. லோடர் எதில் வரும்? டிப்பருக்குள் ஏற்றி வரலாம், சாய்வுப் பலகையும் உண்டு. ஆனால் 1,500 கிலோ லோடர் உள்ளே நின்றால் திரும்பும்போது மரத்துக்கு இடமும் இல்லை, எடையும் இல்லை. கிளைகளைச் சீவலாக்கும் சிப்பர் இயந்திரத்தையும் இழுக்க வேண்டும் என்றால் கொக்கி ஒன்றுதான். இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர், இல்லாவிட்டால் இரண்டு நடை. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் சிலர் டிப்பர் டிரெய்லரை விட்டுவிட்டு, டிப்பர் லாரியில் சீவலையும் பின்னால் சிப்பரையும் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் சிப்பர் ஓடும் குழுவுக்கு அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, வீட்டுத் தோட்டங்கள், குறுகிய கேட்டு என்றால் 450 கிலோ ரக மினி டிராக் லோடர், சுழலும் கிராப்பிள், கழற்றும் மேல்பலகையுள்ள தாழ்ந்த டிப்பர் டிரெய்லர். பெரிய புல்வெளிகள், பூங்காக்கள், உயரப் பலகை டிரெய்லர் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மடங்கும் லோடர். 90 செ.மீ. அடிமரம் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும் என்றால் அதற்காக லோடரைப் பெரிதாக்க மாட்டேன். துண்டைப் பாதி நீளத்துக்கு அறுப்பேன். அதுவும் முடியாதென்றால் அன்றைக்கு மட்டும் கிரேன் லாரியை வாடகைக்கு அழைப்பேன்.