தீவில் இருவர், நகரத்தில் ஒருத்தி: மனம் சிதையும் மூன்று படங்கள்

தனிமை மனத்தைக் குலைக்கும் கதைகளில், பேய் வருவதற்கு வெகு முன்பே நாள் கணக்கு தவறிவிடுகிறது. ராபர்ட் எக்கர்ஸின் ‘தி லைட்ஹவுஸ்’ (2019), ரோமன் போலன்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ (1965), இங்மர் பெர்க்மனின் ‘ஹவர் ஆஃப் தி வுல்ஃப்’ (1968) ஆகிய மூன்று கருப்பு வெள்ளைப் படங்களையும் எடைபோட எனக்கு அந்த ஒரு தராசு போதும்.

‘தி லைட்ஹவுஸ்’ படத்தில் கலங்கரை விளக்கப் பணிக்கு வரும் வின்ஸ்லோவுக்கு நான்கு வாரத் தவணை. புயலால் மாற்றுப் படகு வரவில்லை. அதன்பின் எத்தனை நாள் கழிந்தது என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படகைக் கோடரியால் உடைத்து அவனைத் துரத்துகிறார் உடன் பணிபுரியும் மூத்த காவலரான கிழவர் வேக். சற்று நேரத்தில், அதைச் செய்தவன் நீதான் என்கிறார். கண்ணால் கண்டதையே சந்தேகிக்க வைக்கும் துணிச்சல் இது. 1.19:1 என்ற ஏறக்குறையச் சதுரமான சட்டகத்தில் இரண்டு முகங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்க்கப்போனால் இங்கே தனிமையே இல்லை. தனியாக இருக்க முடியாததுதான் நோய். படத்துக்குத் தூண்டுதலான 1801ஆம் ஆண்டுச் சம்பவம், வேல்ஸ் கடலில் உள்ள ஸ்மால்ஸ் கலங்கரை விளக்கத்தில் நடந்தது. அங்கிருந்த காவலர் இருவரில் ஒருவர் இறந்துவிட, கொலைப்பழி வருமோ என்ற பயத்தில் மற்றவர் பிணத்தோடு நாட்களைக் கழித்தார். அதன்பிறகு மூன்று பேரைப் பணியமர்த்தும் வழக்கம் வந்தது.

‘ரிபல்ஷன்’ இந்தக் கடலையும் புயலையும் தூக்கி எறிந்துவிடுகிறது. லண்டன் நகரத்தின் நடுவே ஒரு குடியிருப்பு. அக்காள் இத்தாலிக்குச் சுற்றுலா போகிறாள், கேரோல் வீட்டில் தங்கிவிடுகிறாள், அவ்வளவுதான். தோலுரித்த முயல் தட்டிலேயே அழுகுகிறது, உருளைக்கிழங்கு முளைவிடுகிறது. நாட்காட்டி தேவையில்லை. சுவர் பிளப்பதையும் அதிலிருந்து கைகள் நீள்வதையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; எனக்கு அந்த முயல்தான் அதிகத் திகில். தொலைபேசி ஒலிக்கிறது, காதலிப்பவன் கதவைத் தட்டுகிறான், வீட்டுக்காரர் வாடகை கேட்டு வருகிறார். ஆள் வராததால் அவள் சிதையவில்லை. வருகிற ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்பதால் சிதைவு விரைகிறது. கேரோலாக நடிக்கும் கேத்தரின் டெனுவ் பெரும்பாலும் எதுவும் பேசாமலே இதைச் சுமக்கிறார். ‘தி லைட்ஹவுஸ்’ படத்தில் வேக்காக வரும் வில்லெம் டஃபோவின் முழக்க வசனங்கள் அருமைதான். ஆனால் அவற்றை ரசிக்கும்போது பயம் சற்றுக் கலைந்துவிடுகிறது.

பெர்க்மன் படத்தில், ஒரு தீவில் மனைவியோடு வாழும் ஓவியன் யோஹான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடத்தை அளக்கிறான். அந்த மனைவி ஆல்மாவோடு நாமும் காத்திருக்கிறோம். அந்தக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்ததால்தான் அவனுடைய பேய்கள் தன் கண்ணுக்கும் தெரிந்தனவோ என்று ஆல்மா கேட்கும் கேள்வி, மற்ற இரண்டு படங்களும் தொடாத இடம். அதே தீவில் உள்ள கோட்டைவாசிகளின் கூத்து நீளும் பிற்பகுதியில் எனக்குப் பிடிப்பு தளர்ந்துவிட்டது.

ஒளிப்பதிவுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் ‘தி லைட்ஹவுஸ்’; ஜாரின் பிளாஷ்கேவின் ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அச்சத்துக்காக என்றால் என் வாக்கு ‘ரிபல்ஷ’னுக்கு. தீவுக் கதையில் பழியைக் கடல்மீது போட்டுவிட முடிகிறது. கேரோலின் வீட்டுக்குக் கீழே தெருவில் எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கிறது.